கறுப்பு அட்டையும் நாலாவது வெடியும்

மதுரையில் பஸ் ஏறியபோது என்னிடம் ஒரு கம்பளிப் போர்வையும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு சேதியும் இருந்தன. மூன்றும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. போர்வை என் நண்பன் வேலுச்சாமியின் அம்மாவுக்கு, கடிகாரம் அவன் அப்பாவுக்கு. வைகாசி வெயிலில் கம்பளியைக் கொண்டுபோய் நீட்டினால் உன் அம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று அவனைக் கேட்டேன். "மார்கழியில போத்திக்கிருவாக, நீ கொண்டு போ" என்றான்.

சேதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை உரிய இடத்தில் சொல்ல நான் மூன்று நாள் இழுத்தடித்தேன். உங்களிடமாவது இழுக்காமல் இருக்கிறேன்.

வேலுச்சாமி நரிக்குடிப் பக்கம். நான் கும்பகோணத்துக்கு அடுத்த கிராமம். எழுபதுகளின் நடுவில் இரண்டு பேரும் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். சூரியனுக்குள் நடப்பதை மேசைமேல் நடத்திப் பார்க்கிற வேலை. கடுகைவிடச் சின்னதான ஓர் உருண்டைமீது லேசர் ஒளியைக் குவித்து அடிப்போம். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு நேரந்தான் அந்த அடி. அதற்குள் உருண்டையின் மேல்தோல் வெந்து, அணுக்கள் பிய்ந்து, மின்சாரம் ஏறிய ஒரு புகையாகிவிடும். பிளாஸ்மா என்பது அதுதான். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் வரும் சக்தியில் ஊர் ஊராக விளக்கெரிக்கலாம் என்பது எல்லோருடைய ஆசை. அவை என்னவோ சேரத்தான் மாட்டேன் என்கின்றன.

எங்கள் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம். அதனால் வழி தவறி வரும் ஒளியைத் தடுக்க மேசையைச் சுற்றிக் கறுப்பு அட்டைகள் நிறுத்தியிருப்போம். போன ஆயுத பூஜையன்று சாயங்காலம், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நான் சந்தனமும் குங்குமமும் எடுத்துப்போய் லேசருக்குப் பொட்டு வைத்தேன். வேலுச்சாமி நாங்கள் தங்கியிருந்த அறையில் சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிகளில் படாமல் இரும்புத் தாங்கிகளில் மட்டும் வைத்தேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. ஓர் இடத்தில் கை எட்டவில்லை. ஓர் அட்டையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பொட்டு வைத்தேன். அட்டையைத் திரும்ப வைக்கவில்லை.

மறுநாள் அடித்த ஒளியில் ஒரு பங்கு பிளாஸ்மாவில் பட்டு, போன வழியே திரும்பி வந்து, ஒரு லென்ஸில் தெறித்து, அட்டை இல்லாத அந்தச் சந்து வழியாக வேலுச்சாமியின் வலது கண்ணில் விழுந்தது. அட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவன் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து அளவு எழுதிக்கொண்டிருந்தான். இப்போது அந்தக் கண்ணால் ஒரு முகத்தைப் பார்த்தால் காது இரண்டும் தெரியும். மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. அது மாறாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெருக்க வந்தவர்கள் யாரோ அட்டையை நகர்த்தியிருப்பார்கள் என்று விசாரணை முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். பொட்டு வைத்தவன் என்று சிரிப்பார்களே என்கிற வெட்கம் அதைவிடப் பெரிய பயம்.

நான் லீவில் ஊருக்குக் கிளம்பியபோது வேலுச்சாமி சொன்னான்: "லெட்டர்ல எழுதுனா அம்மா பயந்துரும். நீ நேர்ல போய் சொல்லு. அருப்புக்கோட்டையில எனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்காக, வைகாசி கடைசியில நிச்சயம். அங்கயும் மறைக்காமச் சொல்லிரு. வேணாம்னாகன்னா சரின்னுட்டு வந்துரு." இவ்வளவு பெரிய வேலையை அவன் என்னை நம்பிக் கொடுத்தான். அட்டையை எடுத்தது நான் என்று அவனுக்குத் தெரியாது.

முதல் நாளே பஸ் காரியாபட்டி தாண்டி நின்றுவிட்டது. முன்னால் குபுகுபுவென்று ஆவி. டிரைவர் ஒன்றும் பதறவில்லை, இறங்கிப் பீடி பற்றவைத்தார். கண்டக்டர் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனார். நானும் கால் மரத்துப்போனதால் கூடப் போனேன். அந்த வீட்டு அம்மாள் டப்பாவைப் பார்த்துவிட்டு, "மனுசனுக்கா, பஸ்ஸுக்கா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு என்றதும் பானையில் இருந்ததைக் கொடுக்கவில்லை; மாடு குடித்து மிச்சமிருந்த தொட்டித் தண்ணீரைக் காட்டினார். தண்ணீருக்கு இப்படி ஒரு வரிசை உண்டென்று எனக்குத் தெரியவே தெரியாது. வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டே வளர்ந்த ஜாதி நாங்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பருத்தித் தரகர். என் பூட்ஸைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சீமையில என்ன சரக்கு பாக்குறீக?"

"லேசர்ங்க. ஒரு மாதிரி வெளிச்சம்."

"வெளிச்சத்துல என்னத்தங்க ஏவாரம்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் யோசிப்பதற்குள் தூங்கிப்போனார். அருப்புக்கோட்டை வரைக்கும் அவர் தலை என் தோளில்தான் இருந்தது.

அருப்புக்கோட்டையில் இறங்கினால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். லாட்ஜில் காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் காப்பியும் கரிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த ஊர்க் காரச்சேவைப் போல எங்கள் ஜில்லாவில் எவனும் போடமாட்டான். கால் படி வாங்கி நின்ற இடத்திலேயே தின்று, கண்ணில் தண்ணீர் வர இன்னும் கால் படி வாங்கினேன்.

பெண் வீட்டார் நூல் கடை வைத்திருந்தார்கள். விலாசம் சட்டைப் பையில் இருந்தது. சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனேன், பலகையை வாசித்தேன், உள்ளே கல்லாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முதலில் பையன் வீட்டில்தானே சொல்ல வேண்டும், அதுதானே முறை என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன். முறையாவது ஒன்றாவது. எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டாம் நாள் திருச்சுழி வழியாக நரிக்குடி. வழி நெடுக வெடித்துக் கிடந்த கரிசல், உடைமரம், ஆடுகள். கண்மாய்க்குள் மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு வறட்சி. என்னை அழைத்துப்போக வேலுச்சாமியின் அப்பா ராமையா ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் காளிமுத்து, முப்பது வயதிருக்கும், என்னைவிட இரண்டு வயது கூடவோ குறையவோ. ராமையாவின் கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்கு வெடி வைக்கும் வேலை அவருடையது. வெடிச் சாமான் வாங்க வந்த இடத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வாகனம் சைக்கிள். நான் கேரியரில், என் மடியில் ஒரு சாக்குப் பை.

பாதி வழியில், "இதுல என்னங்க இருக்கு, கனமா இருக்கே?" என்றேன்.

"தோட்டாதான்."

"வெடிக்கிற தோட்டாவா?"

"திரி என் இடுப்புல இருக்கு, மருந்து உங்க மடியில இருக்கு. ரெண்டும் சேராத வரைக்கும் அது வெல்லக்கட்டி மாதிரிதான். ஆட்டாம வாங்க."

ஐந்து மைல் மண் பாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பையைக் கைக்குழந்தையைப் போல மேலே தூக்கிப் பிடித்தேன். காளிமுத்து திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்டு மிதித்தார். கோடிக்கணக்கான வாட் சக்தியுள்ள லேசரோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அதெல்லாம் அந்தச் சாக்குப் பைக்கு முன்னால் எடுபடவில்லை.

ராமையா கிணற்று மேட்டிலேயே நின்றிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டார். வேலுச்சாமியின் அம்மா பேச்சியம்மாள்தான் பேச்சுக்குக் குறையில்லாதவர். போர்வையைத் தொட்டவுடன், "இதப் போத்துனா வெந்துருவேன் தம்பி" என்றார். அப்புறம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"அவன் நல்லாருக்கானா? ஒரு போட்டோ அனுப்புடான்னு ஆறு மாசமா எழுதச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அனுப்ப மாட்டேங்கிறான். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கான்மா. வேலை ஜாஸ்தி" என்றேன். சொல்லி முடித்ததும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. கிணறு விஷயம் முடியட்டும், இப்போது இருக்கிற கவலை போதும் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். கிணற்றில் அறுபது அடிக்குக் கீழே கறும்பாறை. தண்ணீர் ஒரு கசிவுகூட இல்லை.

அன்றைக்குக் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். நெல்லுச் சோறு தவிர வேறு சோறு உண்டா என்று கேட்கிற தஞ்சாவூர்க்காரன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பேச்சியம்மாளுக்கு அதில் ஏகத் திருப்தி. பிள்ளை அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று விளக்கச் சொன்னார். சூரியனைப் போல ஓர் அடுப்பு மூட்டப் பார்க்கிறோம் என்றேன்.

"அது எப்பப் பத்தும்?"

"இன்னும் இருபது வருஷத்துல பத்திடும்னு சொல்றாங்க."

"எங்க கெணத்துலயும் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடின்னுதான் சொல்றாக" என்றார் அவர். ராமையா முதல் தடவையாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். அடியில் காளிமுத்துவும் இரண்டு ஆட்களும் பாறையில் நாலு மூலைக்கும் நாலு துளை அடித்திருந்தார்கள். இந்தத் துளைக்குத் தமர் என்று பெயர். தமருக்குள் தோட்டாவை இறக்கி, திரியை வெளியே விட்டு, மேலே களிமண்ணைப் போட்டுக் கட்டையால் இடித்து இறுக்குகிறார்கள். காளிமுத்து ஒவ்வொன்றையும் தானே கெட்டித்தார்.

"மண்ணு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கெட்டிக்கலைன்னா மருந்து பாறைய ஒண்ணும் செய்யாது. போன வழியே பீச்சிக்கிட்டு வந்துரும்."

நான் அசந்துவிட்டேன். எங்கள் கூடத்தில் ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது இதே தொல்லைக்குத்தான். உற்சாகத்தில் அங்கேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒளி பட்டவுடன் உருண்டையின் தோல் வெளியே சீறுகிறது. அது சீறுகிற வேகத்தில் உள்ளே இருப்பது அமுங்க வேண்டும். ஆனால் முதலில் வந்த ஒளி கிளப்பிய பிளாஸ்மா, பின்னால் வரும் ஒளிக்கு முன்னால் மறித்துக்கொண்டு நிற்கிறது. அதன் அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால் ஒளி அதற்கு மேல் உள்ளே நுழையாது, திரும்பிவிடும். திரும்புகிற ஒளியும் வருகிற ஒளியும் சேர்ந்து பிளாஸ்மாவுக்குள் அலை எழுப்பும். அந்த அலை இன்னும் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிடும். ரொம்பப் பலமாக அடித்தால் ரொம்பத் திரும்பும்.

காளிமுத்து இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க வெளிச்சமும் பீச்சுது."

"ஆமா."

"நீங்க எதப் போட்டுக் கெட்டிப்பீக?"

"அதுதான் தெரியல. கெட்டிக்க வழியில்ல."

"பீச்சுனா மேல நிக்கிறவனுக்கு அடிபடாதா?"

"கறுப்பு அட்டை வச்சுத் தடுப்போம்" என்றேன். படி ஏறி மேலே வந்துவிட்டேன்.

உச்சிப் பொழுதில் திரியைக் கொளுத்திவிட்டுக் காளிமுத்து ஓடிவந்தார். எல்லோரும் வெகுதூரம் தள்ளி வரப்புக்குப் பின்னால் குந்தியிருந்தோம். வெடி வைக்கிற இடத்தில் யாரும் பேசுவதில்லை. எத்தனை வெடித்தது என்று விரல் மடக்கி எண்ணுகிறார்கள். ஒன்று. இரண்டு. தரை உதறியது. மூன்று. கல் மழை போலக் கொட்டி நின்றது. எல்லோர் கையிலும் நாலாவது விரல் மடங்காமல் நின்றது.

நாலாவது வெடிக்கவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. வெடிக்காத தமர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். கல் அள்ள வந்த பெண்கள் கஞ்சிக் கலயத்தை அவிழ்த்தார்கள், ராமையா மகன் அனுப்பிய கடிகாரத்தை மடியிலிருந்து எடுத்து மணி பார்த்தார். மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான்தான் இருப்புக் கொள்ளாமல் நாலு தடவை தண்ணீர் குடித்தேன். பிறகு காளிமுத்து எழுந்து கிணற்று மேட்டில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வடமேக்கு மூலைத் தமரு. நான் வச்சது, நான் கெட்டிச்சது. நான் எறங்குறேன்."

சொன்ன பிறகுதான் ஆட்கள் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அவர்தான் வைத்தார் என்று எல்லோருக்கும் தெரியுமே, எதற்காக அதைக் கூவிச் சொல்ல வேண்டும் என்று ராமையாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வச்சவன் வாயால சொல்லணும் தம்பி. சொல்லாம எறங்குனா கயித்த யாரும் தொடமாட்டாக. முந்தி ஒருத்தன் பயந்துக்கிட்டு எல்லாம் வெடிச்சிருச்சுன்னுட்டான். மறுநா கல்லு அள்ள எறங்குன பொம்பளைக்குக் காலு போச்சு."

படிகள் வெடியில் பெயர்ந்திருந்ததால் கயிற்றில்தான் இறங்க வேண்டும். நானும் கயிற்றைப் பிடித்தேன். கீழே அவர் மருந்தை நனைக்க அந்தத் தமரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் கயிறு பிடித்திருந்தவர், "ஏலே காளிமுத்து, பேசிக்கிட்டே செய்யிடா, இருக்கியா போயிட்டியான்னு தெரியணும்ல" என்றார். "போனா சத்தம் கேக்கும்டா" என்று கீழேயிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆள் மேலே வந்தார், கையில் பாதியில் அணைந்த ஈரத் திரி. "நமுத்துப் போச்சு. காலையிலயே பாத்திருக்கணும், பாக்கல. என் தப்புதான்" என்று எல்லோரிடமும் காட்டிவிட்டுப் போய்க் கஞ்சி குடித்தார். அவ்வளவுதான். யாரும் அவரைத் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

ஏழு மாதமாக நான் செய்ய முடியாததை அந்த மனிதர் கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னால் செய்துவிட்டார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தட்டில் சோறு விழுந்திருந்தது, குழம்பு இன்னும் விழவில்லை. வேலுச்சாமிக்கு வலது கண்ணில் நடுப்பார்வை போனது, அவன் சொல்லச் சொன்னது, பெண் வீட்டாருக்கும் சொல்லச் சொன்னது. கடைசியில், அந்த அட்டையை எடுத்தது நான் என்பதும்.

பேச்சியம்மாள் குழம்புச் சட்டியோடு நின்றார்.

"மத்த கண்ணு?"

"நல்லா இருக்குமா."

"ரோட்டத் தாண்டுவானா? எழுத்து வாசிப்பானா?"

"எல்லாம் செய்யறான். இடது கண்ணால."

"அந்த அட்டைய நீங்க எதுக்கு எடுத்தீக?"

"பொட்டு வைக்க."

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுகிற சத்தம் கேட்டது. ராமையா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று கையை ஊன்றினேன். அந்த நேரத்துக்குப் பேச்சியம்மாள் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினார்.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்கு தம்பி. அது எப்பப் போகும்னு சொல்ல முடியாது. சோத்து மேல கோவம் இல்ல. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. கை கழுவும்போது ராமையா பின்னால் வந்து நின்றார். "நாளைக்கு அருப்புக்கோட்டை போவோம். அங்க நீங்களே சொல்லிருங்க. என் வாயில அது வராது" என்றார்.

நாலாம் நாள் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். திருச்சுழியில் அவர் இறங்கி இரண்டு நுங்கு வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

நூல் கடைக்காரர் பெயர் சங்கரலிங்கம். கடைக்குப் பின்கட்டில் வீடு. சம்பந்தி வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்; பாயை விரித்து, தட்டில் சேவும் சீரணி என்ற இனிப்பும் வைத்தார். நான் அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

சங்கரலிங்கம் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "பாத்தா வெளிய தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க. யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப சொல்லாமலே முடிச்சிருக்கலாமே."

"வேலுச்சாமிதான் சொல்லச் சொன்னான். வேண்டாம்னு நீங்க சொன்னா சரின்னுட்டு வரச் சொன்னான்."

ராமையா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே கதவோரம் நிழலாடியது. சங்கரலிங்கம் திரும்பி, "தனலட்சுமி, கேட்டியாம்மா? வாழப்போறவ நீ. நீ சொல்லு" என்றார்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், கடைக்கு வருகிற போகிற கடிதமெல்லாம் அவள்தான் எழுதுவாள் என்று ராமையா சொல்லியிருந்தார். என்னிடம் நேராகவே கேட்டாள்.

"அட்டைய எடுத்தது நீங்கன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்க கிட்டச் சொல்லிட்டீக. அவுகளப் பெத்தவுக கிட்டச் சொல்லிட்டீக. கண்ணு போனவுக கிட்ட இன்னும் சொல்லல."

அவள் உள்ளே போய் நீல நிற ஏர் லெட்டர் ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நிச்சயம் முடிஞ்சு அவுகளுக்கு எழுதலாம்னு வாங்கி வச்சிருந்தேன். நீங்க மொதல்ல எழுதுங்க. பாதிக்கு மேல போகாதீக" என்றாள்.

எழுதினேன். பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது, மூன்று பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அன்புள்ள வேலுச்சாமி, ஆயுத பூஜையன்று அந்த அட்டையை எடுத்தவன் நான். பொட்டு வைக்க எடுத்தேன், திரும்ப வைக்க மறந்தேன். விசாரணையில் சொல்லப் பயந்தேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், கடைசியாகச் சொல்கிறேன்.' அதற்கு மேல் மன்னிப்பு என்று எழுதப் பார்த்தேன், பாதித் தாள் முடிந்திருந்தது.

தனலட்சுமி தாளை வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே கீழ்ப்பாதியில் எழுதினாள். அப்பாவிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மகளை ஒரு தடவை பார்த்து, ராமையாவிடம் நீட்டினார். ராமையா கண்ணாடி கொண்டுவரவில்லை. "நீங்களே வாசிங்க தம்பி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

வாசித்தேன். என் பாதியையும் வாசித்தேன், அவள் பாதியையும் வாசித்தேன். அவள் எழுதியிருந்தது இது: 'உங்கள் கண் விவரம் கேட்டுக்கொண்டோம். நிச்சயம் குறித்த நாளில் நடக்கும். ஆவணியில் கல்யாணத்துக்கு, இந்தக் கடிதத்தின் மேல்பாதியை எழுதியவரை அழைக்கலாமா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும்வரை எங்கள் வீட்டில் யாரும் அவரை அழைக்க மாட்டார்கள். தனலட்சுமி.'

ராமையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார். தனலட்சுமி தாளை மடித்துக் கோந்து ஒட்டி, விலாசம் எழுதி, மறுபடியும் என் கையிலேயே கொடுத்தாள்.

தபால் பெட்டி தெரு முனையில் இருந்தது. போட்டேன். தபால் எடுக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணியும் வெயிலில் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். தபால்காரர் வந்து திறந்து, பையில் கொட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.